ஹாயோவின் சத்தமில்லாத பெட்டி

பிரேமன் நகரத்தில் நாலாம் நம்பர் டிராம் ஓட்டும் ஹாயோ ப்ரூன்ஸுக்குக் காதுதான் கண். சக்கரம் ஓரிடத்தில் லேசாகத் தட்டையானாலும் பணிமனைக்காரர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். கதவு ரப்பர் காய்ந்துவிட்டது, பின் இருக்கையில் யாரோ விசும்புகிறார்கள், எல்லாமே திரும்பிப் பார்க்காமல் தெரியும். பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி. அந்த நாட்டின் வடகோடி ஆள். "மொய்ன்" என்று ஒரு வணக்கம் சொன்னால் அன்றைய பேச்சில் பாதி முடிந்தது என்று எண்ணுகிற ரகம்.

அவன் மனைவி வீப்கே நேர்மாறு. பேசிப் பேசியே பிழைத்தவள். பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம் ஒன்றுக்காகப் பல வருடங்களாகப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறவள். கடல் கதை, கொலைக் கதை, தோட்டக்கலை, எது கொடுத்தாலும் வாசிப்பாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ ஒரு சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே தன் குரலைக் கேட்கிறார் என்ற நினைப்பே அவளுக்குப் போதும். சம்பளம் சொற்பம், அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். நன்றாகவே மாற்றினார்கள். நடக்கலாம், வேலை செய்யலாம், பழையபடி வாழலாம் என்று மருத்துவர் சொன்னார். ஹாயோவின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. எல்லாச் சத்தத்தையும் கேட்கிற மனிதன், நல்ல செய்தி வந்தபோது மட்டும் செவிடாகிவிட்டான். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் மாடிப்படி ஏறினால் பின்னால் நின்றான். குளியலறைக் கதவைத் தாழ்போட விடவில்லை. டிராமில் இருக்கும்போது ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் இறங்கி வீட்டுக்குப் போன் போட்டான்.

நூலகத்தின் பதிவுக்கூடம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. குளிரில் அவ்வளவு தூரம் போய்வர அவளால் முடியவில்லை. நூலகத்தில் இதைக் கவனிக்கும் திருமதி லூடர்ஸ் ஒரு வழி சொன்னார். இப்போது எல்லாம் கணினியில்தான் பதிவு. வீட்டிலிருந்தே வாசிக்கலாம், ஆனால் பின்னணியில் சத்தம் இருக்கக்கூடாது. மாதிரிப் பதிவு ஒன்று அனுப்ப வேண்டும். ஈஸ்டருக்குள் அது தேறாவிட்டால் வீட்டு வாசகர்களில் இடம் இல்லை. வீப்கே போனை வைத்துவிட்டு, "வாசிக்கலேன்னா நான் வெறும் நோயாளி, ஹாயோ," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது அவனுக்கு எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

சூப்பர் மார்க்கெட் விளம்பரத்தைப் பார்த்து ஒரு கணினி வாங்கி வந்தான். அதைத் தட்டிவிட்டால் சலூன்காரர் முடி உலர்த்துகிற மாதிரி ஒரே இரைச்சல். சிறிய அறையின் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை அடுத்த அறையில் வைத்துச் சுவரில் துளை போட்டு ஒயரை இழுக்கலாம்தான். வீட்டின் சொந்தக்காரரோ துளை என்ற சொல்லைக் கேட்டாலே வக்கீலைக் கூப்பிடுகிறவர். முதல் மாதிரி போன வேகத்தில் திரும்பிவந்தது.

இப்படித்தான் ஹாயோ எங்கள் சங்கத்தில் வந்து விழுந்தான். சனிக்கிழமைகளில் பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்து கேபிளால் கோத்து விளையாடுகிற கூட்டம் அது. விளையாட்டுக்கும் தலைவர், பொருளாளர், ஆண்டுக் கூட்டம் வைக்காவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் அங்கே பாதிப் பேர் விளையாட வருவதில்லை. பெட்டியை அறுக்க வருகிறார்கள். கடையில் விற்கிற பெட்டி அப்படியே இருந்தால் அவர்களுக்குக் கை அரிக்கும். பக்கத்தில் ஜன்னல் வெட்டுவார்கள், பெட்டியின் கால்களைக் கழற்றுவார்கள், உள்ளே விசிறிக்குப் பதில் தண்ணீர் ஓடவிடுவார்கள். கணினிக்கு மூளையான, சூடாகிற சில்லின் மேல் செம்புக் கட்டி, அதற்குள் தண்ணீர், அந்தத் தண்ணீரைத் தள்ள ஒரு பம்ப், ஆறவைக்க ஒரு ரேடியேட்டர். விசிறி குறைந்தால் சத்தம் குறையும். ஹாயோவுக்கு வேண்டியது அதுதான்.

அந்தக் கூட்டத்தில் கைகாரன் ஹென்னிங். பழைய கார்களை உடைக்கிற கிடங்கில் வேலை, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். ஹாயோ விஷயத்தைச் சொன்னதும், "விளையாடத் தெரியாது, பெட்டிக்குள்ள தண்ணி மட்டும் விடணும். டிராம்காரா, உனக்கு மீன் தொட்டி போதாதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, மறு வாரமே காருக்குள் வெந்நீர் ஓடிச் சூடு தருகிற சிறிய ரேடியேட்டர் ஒன்றைக் கழற்றி எடுத்து வந்தான். செம்பும் பித்தளையும். பளபளப்பாக இருக்கிறதே என்று அலுமினியத்தை மட்டும் கூடச் சேர்த்துவிடாதே, செம்போடு சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துத் தின்றுவிடும் என்று எச்சரித்தான்.

பெட்டிக்கு ஹாயோ இரண்டு பழைய பெட்டிகளைப் பிடித்தான். ஒன்று, மூடிப்போன கப்பல் அலுவலகத்திலிருந்து வந்த கறுப்புப் பெட்டி. கனத்த தகரம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, வீடு தோறும் இருந்த அதே அழுக்கு வெள்ளைப் பெட்டி. கறுப்பின் மேல்தட்டையும் வெள்ளையின் அடித்தட்டையும் அறுத்தெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி ரிவெட் அடித்தான். வீட்டில் அறுக்க முடியாது, கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார். அதனால் அறுப்பது ராவுவது எல்லாம் கூடத்தின் பின்கட்டில் நடந்தது. கீறல் விழாமலிருக்கக் கோட்டின் இருபுறமும் காகித டேப் ஒட்டி, வெட்டிய விளிம்பில் ரப்பர் பட்டை வைத்தான்.

அவன் பெட்டிக்கு இரண்டு மாடி. கீழ்மாடியில் தண்ணீர் சம்பந்தப்பட்டதெல்லாம்: ரேடியேட்டர், மீன் கடையில் வாங்கிய பம்ப், வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் செய்த தண்ணீர்த் தொட்டி. மேல்மாடியில் மின்சாரம். "ஒழுகினா கீழதானே ஒழுகும்," என்று அவன் சொன்னபோது ஹென்னிங்கே தலையாட்டினான். பம்பின் அதிர்வு தகரத்துக்கு ஏறாமலிருக்க, அதை வீப்கேயின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த எலாஸ்டிக்கில் ஊஞ்சல் கட்டித் தொங்கவிட்டான். மேலே அழுக்கு வெள்ளை, கீழே கறுப்பு. பார்க்கச் சகிக்காது. சங்கத்தில் அதற்குப் 'பென்குயின் தலைகீழ்' என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்ப் பெட்டி கட்டியவன் மின்சாரம் கொடுக்கும் முன், ஒவ்வொரு குழாய் இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்துவிட்டு, பம்பை மட்டும் ஒரு முழு நாள் ஓடவிட வேண்டும். மறுநாள் எல்லாரும் பார்க்க, கட்டியவனே தன் கையால் பேப்பரை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். காய்ந்திருந்தால் கைதட்டல், வறுத்த சாசேஜ், பீர். அதற்கப்புறம் பேப்பரை மறுபடி வைக்கக்கூடாது. பயந்துபோய் வைக்கிறவன் சிக்கினால் வருடம் முழுக்க அவனுக்கு 'டயபர்காரன்' என்றே பெயர். முட்டாள்தனமான வழக்கம் மாதிரி தெரியும். ஆனால் பேப்பர் வைத்துப் பழகியவன் பெட்டியில் வேலையே செய்ய மாட்டான், பேப்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான் என்பது அனுபவத்தில் கண்டது.

ஹாயோ உருவினான். எல்லாம் காய்ந்திருந்தது. கைதட்டினார்கள். பென்குயினை டிராம் பணிமனையின் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் புது டிஷ்யூ சுருளைப் பிரித்து, ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் மறுபடி மடித்து வைத்தான்.

அதோடு விட்டானா? வீப்கே வாசிக்கும்போதெல்லாம் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில், பக்கத்தில் தைத்த நெஞ்சோடு ஒருத்தி. ஏதாவது ஒன்று ஒழுகினால்? எது ஒழுகும் என்று அவன் தனக்குள்கூடப் பிரித்துச் சொல்லிக்கொள்ளவில்லை. அவனுக்கு வேலை இல்லாத நாட்களில் மட்டும்தான் அவள் வாசிக்கலாம் என்றாயிற்று. அவளும் அப்படியே வாசித்தாள்.

இரண்டாவது மாதிரியும் தேறவில்லை. திருமதி லூடர்ஸ் போனில் வருத்தமாகவே சொன்னார். "குரல் தங்கம், வீப்கே. ஆனா பின்னால ஏதோ ஏறி இறங்குது. அந்த இரைச்சல் போயிடுச்சு, இது வேற. மெல்லிசா, விட்டு விட்டு. உங்க வீட்டுக்காரர் ஏதோ மோட்டார் வெச்சிருக்கார்னு சொன்னீங்களே, அதுவா இருக்குமோ?"

ஹாயோ பம்பைப் பிடித்துக்கொண்டான். எலாஸ்டிக்கை மாற்றினான், பஞ்சு வைத்தான், குழாயை வளைவு குறைத்துப் போட்டான், ஒற்றை விசிறியின் வேகத்தை இன்னும் குறைத்தான். ஒவ்வொரு தடவையும் தனியாகப் பதிவு செய்து சோதித்தான். மைக்குக்குப் பக்கத்தில் போய் உற்றுக் கேட்டான். சுத்தமாக இருந்தது. வீப்கே வந்து வாசித்தால் அந்த ஏற்ற இறக்கம் திரும்ப வந்துவிடும். வேலை செய்யும்போது சில்லு சூடாகிறது, சூட்டில் தண்ணீர் மாறுகிறது, அதனால் பம்ப் முனகுகிறது என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். தண்ணீர்ப் பெட்டிக்காரர்களின் புத்தி இப்படித்தான். உலகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அது பம்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஈஸ்டர் நெருங்கியது. இன்னும் ஒரு மாதிரிக்குத்தான் நேரம் இருந்தது. வீப்கேயின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு பெரிய பெட்டியைக் கட்டி, அவளுக்கு ஒரு சின்ன நிசப்தத்தைக் கொடுக்க முடியவில்லையே என்று மனம் நொந்தது.

அந்தச் சனிக்கிழமை பதிவை ஒரு குறுந்தட்டில் ஏற்றிக்கொண்டு ஹென்னிங்கிடம் போனான். வேறு பம்ப் வாங்கலாமா என்று கேட்கத்தான் போனான். ஹென்னிங் ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கலங்கரை விளக்குக்காரனின் மகளுடைய கதை அது. கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் திரையில் சுட்டுக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். ஹென்னிங் கையில் ரொட்டியும் ஊறுகாய் மீனும் அப்படியே நின்றன. ஒரு இடத்தைத் திரும்ப ஓடவிட்டான். மறுபடியும் திரும்ப ஓடவிட்டான்.

"இந்த இடத்துல அந்தப் பொண்ணோட படகு கவுருது," என்றான்.

"ஆமா," என்றான் ஹாயோ.

"படகு கவுந்ததும் உன் பம்ப் நின்னுபோச்சு. அவளைத் தேடறாங்க, ஒரு பக்கம் முழுக்க நிக்குது. அப்புறம் அவ உசுரோட கரைக்கு வர்றா. உடனே உஸ்ஸுனு ஒரு பெரிய சத்தம், மறுபடி ஓட ஆரம்பிக்குது." ஹென்னிங் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "ஹாயோ, பம்ப் கதை கேக்காது."

ஹாயோவுக்குப் புரிய நேரம் பிடித்தது. ஹென்னிங் மெதுவாகக் கேட்டான், அவள் வாசிக்கும்போது நீ எங்கே இருப்பாய் என்று. ஸ்டூலில், பெட்டி பக்கத்தில். தனியாகச் சோதிக்கும்போது? உற்றுக் கேட்பேன். உற்றுக் கேட்கும்போது மூச்சை என்ன செய்வாய்? டிராமில் ஏதாவது சத்தம் சந்தேகமாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது அவனுடைய பழக்கம். அது அவனுக்கே தெரியாத பழக்கம்.

"பேப்பரெல்லாம் இன்னும் இருக்கா?" என்று ஹென்னிங் கேட்டான். ஹாயோ ஆமென்று தலையாட்டினான். 'டயபர்காரன்' என்று சொல்லிக் கூடமே அதிரச் சிரிக்க வேண்டியவன் ரொட்டியைக் கடித்தான். கேலி செய்திருந்தால்கூட ஹாயோவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னான். சுற்றி வளைக்க அவனுக்குத் தெரியாது. அது என் மூச்சு என்றான். வீப்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெஞ்சைப் பிடித்ததும் அவன் பாய்ந்து எழுந்தான். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பாத்தியா, இதான்," என்றாள். "எனக்கு ஏன் அது கேக்கலேன்னு யோசிக்கிறேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மூச்சு இருக்கு. வீட்டுச் சத்தமே அதுதான்னு ஆயிடுச்சு. கோவமில்ல. ஆனா நான் குழாய் ஜாயின்ட் இல்ல ஹாயோ. எனக்கு அடியில பேப்பர் வெச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்காதே."

அவன் சுவரில் தொங்கிய போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தொடர்ந்தாள், குரல் இன்னும் தணிந்திருந்தது. "உங்க சங்கத்துலயே சட்டம் இருக்குல்ல. காஞ்சிருந்தா உருவிடணும். நான் காஞ்சு எத்தனை மாசம் ஆச்சு."

மறுநாள் ஞாயிறு. ஹாயோ பென்குயினின் பக்கத் தகட்டைக் கழற்றி, மண்டி போட்டு, பேப்பர்களை ஒவ்வொன்றாக உருவினான். ஒன்றிலும் ஈரமில்லை. கைதட்ட ஆளில்லை, வீப்கே கதவருகில் நின்று பார்த்தாள். எல்லாவற்றையும் கசக்கிக் குப்பையில் போட்டான். ஸ்டூலைத் தூக்கிச் சமையலறையில் வைத்தான். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கட்டுமா என்று கேட்டான். படிக்கட்டு மரம், கிரீச்சிடும், இன்னும் தள்ளிப் போ என்றாள்.

தள்ளிப் போவதென்றால் அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாலாம் நம்பரில் ஏறினான். அவன் டிராமைச் சக ஊழியர் ஒருவர் ஓட்ட, பயணியாகப் போவது எவ்வளவு காலத்துக்குப் பின் என்று அவனுக்கே நினைவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கையைத் தூக்கினார். ஹாயோ ஜன்னலோரம் உட்கார்ந்தான். வேசர் ஆற்றுப் பாலம் வந்தது. வண்டியில் எந்தச் சத்தமும் சந்தேகமாக இல்லை; கேட்டாலும் அது இன்றைக்கு அவன் பொறுப்பில்லை. கைகள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கால்மேல் கிடந்தன. கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் போன் பூத்தை நோக்கி நடந்தான். கதவைத் திறந்து, ரிசீவரைக் கையில் எடுத்து, போன் மணி அடித்தால் பதிவு கெட்டுவிடும் என்று நினைத்து, திரும்ப வைத்தான். உண்மையில் அதற்காக மட்டும் வைக்கவில்லை, அவள் சொன்னது காதிலேயே நின்றது. உள்ளுக்குள் இன்னும் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே வெளியே வந்து அடுத்த வண்டிக்குக் காத்திருந்தான்.

அவன் வீடு திரும்பியபோது வீப்கே சமையலறையில் தேநீர் போட்டு, கற்கண்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மாதிரி தயார் என்றாள். அந்த மாதிரியைக் கேட்டுவிட்டுத் திருமதி லூடர்ஸ், மெஷினே இல்லாமல் எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டதும், வீப்கேயின் பெயர் வீட்டு வாசகர்களில் சேர்ந்ததும் பின்னால் நடந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களுக்கு அது தெரியாது.

தேநீரை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள். "நடுவுல ஒரு சொட்டு விழுந்துச்சு."

ஹாயோவின் கை கோப்பையோடு நின்றது.

"அவ்ளோ நிசப்தம், ஒரே ஒரு சொட்டு தகரத்துல விழுந்தது காதுல கேட்டுச்சு. கீழ்மாடிதான். ரேடியேட்டர்லேர்ந்து ஜாடிக்குப் போற குழாய். ஸ்விட்சை அணைச்சேன். துடைச்சேன். உன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கிளிப்பை இறுக்கினேன். கொஞ்ச நேரம் பாத்தேன், மறுபடி வரல. போட்டுட்டு அந்தப் பக்கத்தை முதல்லேர்ந்து வாசிச்சேன்."

எவ்வளவு இறுக்கினாய், ரொம்ப இறுக்கினால் குழாய் வெட்டுப்படும், பம்பை ஓடவிட்டுப் பார்த்தாயா, பேப்பர் வைத்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்குமே என்று அவனுக்குள் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. அத்தனை மாதம் அவன் எதற்குப் பயந்தானோ அது நடந்திருக்கிறது. அவன் இல்லாதபோது நடந்திருக்கிறது. அவள் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள்.

"இறுக்கத் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டான்.

"இத்தனை மாசம் எதிர்லதானே உக்காந்திருந்த. நானும் பாத்துட்டுதான் இருந்தேன்," என்றாள்.

அடுத்த அறையின் கதவு சாத்தியிருந்தது. எழுந்துபோய் ஒரே ஒருமுறை விரலால் அந்தக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கால் துடித்தது. அவன் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு கற்கண்டைப் போட்டுக்கொண்டான். அது தேநீரில் மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டான். அதை இப்போது வீப்கே மட்டும் கேட்டாள்.